சாமந்தித் தண்டு

பாப்பாவின் அப்பாவுக்கு,

நலமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் அண்ணன் வீட்டில் கவனிப்புக்கு என்ன குறைச்சல்!

சண்டை போட்டுக் கிளம்பின அன்று சாயங்காலமே பூக்கடையில் சொல்லி ஒரு சாமந்திக் கொத்து அனுப்பிவிட்டு, போனில் என்ன சொன்னீர்கள்? "இந்தப் பூ வாடுறதுக்குள்ள வந்துடுறேன்" என்றீர்கள். அன்றிலிருந்து அது வாடாமல் பார்ப்பதே என் பிழைப்பாகிவிட்டது.

தினமும் தண்ணீர் மாற்றுகிறேன். தண்ணீரில் முங்கும் இலைகளைக் கிள்ளிவிடுகிறேன். பக்கத்தில் பழம் இருந்தால் பூ சீக்கிரம் வதங்கும் என்று மாடிவீட்டு அக்கா சொன்னதால், வாழைப்பழக் கூடை பரணுக்குப் போய்விட்டது. "புருஷனைக்கூட நீ இப்படித் தாங்கியிருக்க மாட்டே" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

தண்டின் நுனி அழுகினால் தண்ணீர் மேலே ஏறாதாம். அதனால் தினமும் கொஞ்சம் சாய்வாக நறுக்க வேண்டும். நறுக்க நறுக்கத் தண்டு குட்டையாகி, பூக்கள் ஜாடியிலிருந்து தம்ளருக்கு வந்தன. தம்ளரிலிருந்து காபிக் கோப்பைக்கு. மற்றதெல்லாம் உதிர்ந்து, மிச்சமிருக்கும் ஒற்றைப் பூ இப்போது பாப்பாவின் இருமல் மருந்து மூடியில் உட்கார்ந்திருக்கிறது.

"அப்பா எப்போ வருவாரு?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் பூவைக் காட்டி, "இன்னும் வாடலையே" என்கிறேன். இன்றைக்கும் அதையே சொன்னேன்.

நாளைக்கு நறுக்கத்தான் தண்டு இல்லை.

இப்படிக்கு,
கத்தரிக்கோலும் கையுமாக,
பாப்பாவின் அம்மா