திங்கட்கிழமை மஞ்சள் விளக்கு

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே நாங்கள் நலம், உன் அம்மாவின் வலது கை மட்டும் இன்னும் முழு நலத்துக்கு வந்து சேரவில்லை. நீ நலம் என்பதைப் போனில் கேட்டாலும் எழுத்தில் பார்த்தால்தான் எனக்கு மனம் ஆறும். அன்று நீ நம் பழைய காரைச் சொல்லி "அந்த டப்பாவ வித்துத் தொலைங்கப்பா" என்றாய். நான் பேச்சை மாற்றினேன். கோபமில்லை. அம்மா பக்கத்தில் இருந்தாள்.

பக்கவாதம் வந்த கைக்கு வாரம் மூன்று நாள் பயிற்சி, திங்கள், புதன், வெள்ளி. இந்த மாதங்களை விட்டால் பிறகு கை வருவது கஷ்டம் என்று பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லியிருக்கிறாள். திங்கள்தோறும் அங்கே போகும்போது வண்டி குலுங்கும். சிக்னலில் நின்றால் விக்கல் எடுத்த ஆள் மாதிரி. டாஷ்போர்டில் எஞ்சின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரியும். புதன்கிழமை ஒன்றும் அறியாத பிள்ளைபோல ஓடும், விளக்கும் பிறகு தானே அணைந்துவிடும். பட்டறைக்கு நான் போவது வியாழன்தான், அன்று கூட்டம் குறைவு. மெக்கானிக் கருவியை மாட்டிப் பார்த்து எஞ்சினின் இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ் அடிக்கிறது என்று புது பிளக் போட்டார். அடுத்த திங்கள் மறுபடியும். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலை இரண்டாவதிலிருந்து எடுத்து மூன்றாவதில் மாற்றிப் போட்டார், காயிலில் கோளாறு என்றால் கோளாறும் கூடவே போகும். போகவில்லை, இரண்டாவதிலேயே நின்றது. "உங்க வண்டிக்குத் திங்கக்கிழமைன்னா வேலைக்குப் போகப் பிடிக்கல சார்" என்று சிரித்தார். உனக்குத் தொழில் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு ஒரு திங்கள் பாலத்தின் நடுவில் நின்றுபோனது. பின்னால் ஒரே ஹார்ன். வீட்டுக்கு வந்ததும் அம்மா "இனிமே இதுல ஏறமாட்டேங்க, கை இப்படியே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். வாடகை வண்டியும் வேண்டாம், அவள் ஏறி உட்கார எடுக்கும் நேரத்தை வேற்று ஆள் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தாங்காது. மொத்தம் ஆறு பயிற்சி வகுப்புகள் தவறிப்போயின.

பாலத்தில் நின்றதற்கு அடுத்த திங்கள் காலை நான் மட்டும் வண்டியை எடுத்தேன், விளக்கு சிமிட்டத் தொடங்கியது. பட்டறை இரண்டு தெரு தள்ளி. நேரே போனேன். மெக்கானிக் காயிலை உருவி டார்ச் அடித்து "இங்க வாங்க சார்" என்றார். பிளக் இருக்கும் குழியில் தண்ணீர். எஞ்சின் மேல்மூடியில் அந்த இடத்துக்கு நேராக ஒரு விரிசல். இதுவரை ஈரம் காய்ந்தபிறகே அவரிடம் கொண்டுபோயிருக்கிறேன். மழையே இல்லாத மாதம். "ஞாயித்துக்கிழமை என்ன சார் பண்றீங்க?"

சொன்னேன். நோய் வந்தபிறகு அம்மாவுக்கு எஞ்சினின் எண்ணெய் வாடை குமட்டுகிறது. அதனால் ஞாயிறு மாலை பானட்டைத் திறந்து, சோப்புப் போட்டு, ஓஸ் பைப்பால் அடித்துக் கழுவுவேன். அவளுக்கும் தெரியாது. அவர் டார்ச்சை என் கையில் கொடுத்தார். "சார், எஞ்சினுக்கு யாராவது தலைக்கு ஊத்துவாங்களா?" மூடிக்கு அடியில் எண்ணெய் கசியும் ரப்பர் கேஸ்கெட்டை மாற்றினால் வாடையே போய்விடும், இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார். அன்று சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டேன். "அத விடுங்க, டார்ச்ச நேராப் புடிங்க" என்று சொல்லி மூடியையும் கேஸ்கெட்டையும் மாற்றினார்.

அம்மாவிடம் சொல்வதுதான் கடினமாயிருந்தது. அந்த ஆறு வகுப்பு போனது என் வேலை. வண்டியால் போனது என்று நானும் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டுவிட்டு "வாடை வருதுன்னு உங்ககிட்ட சொன்னது தப்பாப்போச்சு" என்றாள். சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

நேற்று திங்கள். எட்டரைக்குச் செருப்பு போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டை மாட்டிவிட நான் குனிந்தேன், என் கையை ஒதுக்கினாள். தன் வலது கையாலேயே மாட்டப் பார்த்தாள். மூன்று முறை தவறியது. எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. நான் நேரே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் முறை பெல்ட் பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

எந்தக் குறையும் இல்லாமல் நிறைவாக இரு, வேளைக்குச் சாப்பிடு. அடுத்த முறை பேசும்போது போனை எந்தக் கையில் பிடித்திருக்கிறாய் என்று அவளிடம் கேள். நான் சொல்லமாட்டேன்.

உன்
அப்பா