பதினேழு வயதில் எழுதிய வரலாற்றுத் தேர்வு

டெலானி,

மக்ரோனி ஃபிரிட்ஜில் இருக்கிறது. சூடாக்கிச் சாப்பிடு, சும்மா சிப்ஸைக் கொறித்து வயிற்றை நிரப்பாதே. நாலு மணிக்குக் குழாய் சரிசெய்பவர் வருவார், கதவைத் திற.

ஞாயிற்றுக்கிழமை அந்த விண்ணப்பத்துக்காக உன்னிடம் கத்தியது என் தப்பு. பள்ளியிலேயே எழுதினாலும் கல்லூரிப் பாடமாகக் கணக்கில் சேரும் ஏ.பி. வரலாற்றுத் தேர்வில் நான் வாங்கிய மதிப்பெண்ணை, இப்போது நான் மறுபடி படிக்கும் கல்லூரிக்கு அனுப்பச் சொல்லும் விண்ணப்பம் அது. அதைக் கல்யாணத்துக்கு முந்தைய என் பெயரில் நிரப்பி, உன் பள்ளிச் சுற்றுலா அனுமதித் தாள்களோடு சேர்த்து நீட்டினாய். வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். தெரிந்ததும், "என் பழைய குப்பையை உன்னை யாருடி கிளறச் சொன்னது?" என்றேன். "குப்பை இல்லம்மா, நீ பாஸ் பண்ணது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாய்.

இன்று கல்லூரியிலிருந்து ஃபோன் வந்தது. "வரலாறு நீங்க படிக்க வேண்டாம் மேடம், ஏற்கெனவே முடிச்சிட்டீங்க" என்றாள் அந்தப் பெண். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். நீ வயிற்றில் இருந்தபோது படிப்பை விட்டதிலிருந்து, எதையுமே முடிக்காதவள் என்றுதான் என்னைச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னிடமும்.

செவ்வாய் மாலை வரலாற்று வகுப்பு இனி எனக்கு இல்லை. அந்த நேரத்தில் உன் கூடைப்பந்து ஆட்டத்துக்கு வருகிறேன்.

அம்மா

மறந்துவிட்டேன்: இனி எந்தத் தாளையும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று அன்று குதித்தேன் அல்லவா? அதை விடு. நீ நீட்டு, நான் போடுகிறேன்.