என்னிடம் இல்லாத ஆக்சிஜன் கருவி

அனுப்புநர்:
மார்லிஸ் டோலெஃப்சன்,
பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
412, வடக்கு மூன்றாம் தெரு,
ஓஸ்டர்டல், மினசோட்டா.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
ஆறு நகர மின்துறைகளின் கூட்டு வாரியம்.

பொருள்: என் பெயரில் பதிவாகியுள்ள ஆக்சிஜன் கருவிக் குறிப்பை உரியவர் பெயருக்கு மாற்றவும், அதுவரை அதை நீக்காதிருக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆறு ஊர்களும் சேர்ந்து ஒரே கணினியின் கீழ் புதிய மீட்டர்களைப் பொருத்தலாம் என்று நகரக் கூட்டத்தில் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. மின்சாரம் போனால் நாம் சொல்லாமலே மீட்டர் சொல்லிவிடும் என்றார்கள். எனவே இதை மீட்டருக்கு எதிரான மனுவாகக் கொள்ள வேண்டாம்.

2. ஜூலை 19 பிற்பகல் மின்விசிறிக்கு எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். தங்கள் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஓர் இளைஞர் அழைத்தார். “உங்க வீட்ல கரண்ட் இல்லம்மா. ஆக்சிஜன் மெஷினுக்கு என்ன பண்றீங்க?” என்றார். என்னிடம் அப்படி ஒரு கருவி இல்லை என்றும், மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது என்றும் சொன்னேன். “இங்க இல்லன்னுதான் காட்டுது. மீட்டர் பொய் சொல்லாதும்மா” என்றார். எழுந்துபோய் விசிறியைத் தொட்டுப் பார்த்தேன். செப்டம்பர் 6 அன்றும் இதே அழைப்பு, இதே பதில்.

3. எங்கள் ஊர் மின் அலுவலகத்தில் இருக்கும் டார்லா நைகார்ட் என்னோடு பள்ளியில் படித்தவள். திரையைப் பார்த்துவிட்டு, “உன் பேருக்கு நேரா சிவப்பு இதயம் போட்டிருக்குடி. உனக்கு ஒடம்புக்கு என்ன? எங்கிட்டகூட சொல்லலையே?” என்றாள். வீட்டில் ஆக்சிஜன் கருவி வைத்திருக்கும் நோயாளிகளுக்கான குறியாம் அது. அதை அழிக்கும் அதிகாரம் கூட்டு வாரியத்துக்குத்தான் உண்டாம். தங்கள் அலுவலகத்தில் கேட்டால், ஊர் அலுவலகம் எழுதித் தர வேண்டுமாம்.

4. இத்தனை பேர் சொல்லும்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மருத்துவரிடம் போய் நுரையீரலைச் சோதித்துக்கொண்டேன். குறை ஏதும் இல்லை என்ற சான்றைத் தங்களுக்கு அனுப்பினேன். அக்டோபர் 20 தேதியிட்ட பதிலில், நான் குணமடைந்ததற்கு வாரியம் மகிழ்ச்சி தெரிவித்து, டிசம்பர் 1 முதல் குறிப்பு நீக்கப்படும் என்று எழுதியிருந்தது.

5. அந்தக் கடிதத்தைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை பால் எடுக்கும்போதுதான் உறைத்தது: குணமானது நான் இல்லையென்றால், குணமாகாமல் இருப்பவர் யார்?

6. என் முகவரியே வேறோர் ஊரிலும் இருந்து கணினி இரண்டையும் குழப்பியிருக்குமோ என்று ஆறு ஊர்களின் முகவரிகளையும் தேடினேன். வடக்கு மூன்றாம் தெரு நான்கு ஊர்களில் இருக்கிறது. அவற்றில், எங்கள் ஊரைத் தவிர, 412ஆம் எண் உள்ள ஊர் பிளம் லேக் மட்டுமே. சனிக்கிழமை முப்பத்தெட்டு மைல் ஓட்டிப் போய்க் கதவைத் தட்டினேன். திறந்தவர் திரு. டுவேன் குபிசெக், வயது 71, தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூக்கில் குழாய் இருந்தது.

7. ஜூலை 19, செப்டம்பர் 6 இரண்டு நாளும் அவர் வீட்டில்தான் மின்சாரம் போயிருக்கிறது. “முன்னெல்லாம் கரண்ட் போனா லைன்மேன் வந்து கதவைத் தட்டுவான். புது மீட்டர் வந்தப்புறம் அவங்களுக்கே தெரியும்னாங்க. தெரிஞ்சவங்களை எதுக்குக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்றதுன்னு இருந்துட்டேன்” என்றார். கருவி நின்றால் போட்டுக்கொள்ளும் மாற்று ஆக்சிஜன் உருளை நான்கு மணி நேரம் தாங்குமாம். செப்டம்பரில் மூன்றே முக்கால் மணி நேரம் மின்சாரம் இல்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். “அப்போ எனக்குப் பதிலா நீங்க மூச்சு வாங்கிட்டிருந்தீங்களா?” சிரித்து முடிக்க அவருக்கு வெகு நேரமாயிற்று.

8. திங்கட்கிழமை இருவரும் பிளம் லேக் மின் அலுவலகத்துக்குப் போனோம். புதிதாகப் பதிவு செய்ய முயன்றார்கள். அந்த முகவரியில் ஏற்கெனவே ஒரு நோயாளி இருக்கிறார் என்று கணினி மறுத்துவிட்டது. அந்த நோயாளி நான். பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். “நீங்க அங்க இல்லன்னு எங்களால சொல்ல முடியாதுங்க” என்றார் அங்கிருந்த அம்மையார். அவர்மேல் குறை சொல்ல மாட்டேன், அவரும் என்னைப் போலவே குழம்பியிருந்தார்.

9. நவம்பர் 9 காலை பதினொரு மணிக்குப் பனிப்புயல். மறுபடி எனக்கு அழைப்பு. உடனே திரு. குபிசெக்கை அழைத்தேன். மின் அலுவலகத்துக்குப் போய் வந்ததில் செலவானது போக, உருளையில் ஒரு மணி நேரத்துக்கே இருந்தது. நான் சொல்லி, பிளம் லேக் தீயணைப்புத் தொண்டர்கள் நாற்பது நிமிடத்தில் வேறு உருளை கொண்டு சேர்த்தார்கள். பிழைத்தார்.

ஆகவே ஐயா, அந்தச் சிவப்பு இதயத்தைத் திரு. குபிசெக்கின் பெயரிலும் தொலைபேசி எண்ணிலும் பதிந்து தர வேண்டுகிறேன். அது முடியும்வரை டிசம்பர் 1 அன்று என் பெயரிலிருந்து அதை எடுத்துவிட வேண்டாம். இல்லாத நோயைத் தொடர்ந்து வைத்திருக்க அனுமதி கேட்பது முறையான கோரிக்கைதானா என்று எனக்குத் தெரியவில்லை. வேறு எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. தங்கள் ஆட்கள் என்னை அழைத்தால், நான் அவரை அழைத்துவிடுவேன்.

காலை ஆறரை முதல் எட்டரை வரையிலும், பிற்பகல் இரண்டரை முதல் நாலரை வரையிலும் நான் பேருந்து ஓட்டுகிறேன். அப்போது கைபேசியைத் தொட எனக்குச் சட்டம் இடம் தருவதில்லை. அந்த நான்கு மணி நேரத்தையும் தாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
மார்லிஸ் டோலெஃப்சன்

நான் மேலே சொல்லப்பட்ட முகவரியில் உயிரோடு வசிக்கிறேன் என்பதற்குச் சாட்சியாக:
டுவேன் குபிசெக், 412, வடக்கு மூன்றாம் தெரு, பிளம் லேக்

இடம்: ஓஸ்டர்டல்
நாள்: நவம்பர் 14, பிற்பகல் 2.10