சுவர் தாண்டாத றவுட்டர்

நாரந்தனை,
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் தேனுஜனுக்கு,

நயினை அம்மாளின் காவலில் நீயும் மருமகள் வினோஜாவும் பிறந்த பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இருக்கிறோம். சுகமோ என்று கேட்க நீ போனை எடுக்கிறாயில்லை, ஆகவே சுகமில்லை என்று எழுதினாலும் உனக்கு ஒன்றுதான். போனை எடுக்காதவன் தபாலையாவது பிரிப்பான் என்று நினைத்து இந்த முழங்காலோடு பஸ் ஏறி ஊர்காவற்றுறைத் தபால் கந்தோருக்குப் போய் முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன். அங்கே இருக்கிற பெட்டை, ஏன் அம்மா மகன் வாட்ஸப்பிலை இல்லையோ என்று கேட்டாள். நீ முத்திரையைக் கிழி, என்ரை குடும்பத்தைக் கிழிக்காதை என்றேன். முத்திரையைக் கிழித்துத் தந்தாள்.

றவுட்டர் விஷயத்தை முதலிலிருந்து எழுதுகிறேன், ஏனென்றால் நீ உன் சின்னம்மா சிவரூபியின் கண்ணீரை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதியிருப்பாய். பிள்ளையின் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு முதல் வீட்டுக்கு ஒரு வைஃபை றவுட்டர் வாங்குங்கோ அம்மா, ரண்டு பக்கமும் பிடிக்கிற மாதிரிப் பாத்து எடுங்கோ, சின்னம்மாவும் பேத்தியைப் பாக்கவேணும் என்று நீதான் சொன்னாய். பேத்தியாம்! யாருக்குப் பேத்தி? நான் ஓம் என்றேன். அன்ரனிதாஸின் கடைக்குப் போனேன். அவன் ஒரு அலம்பல்காரன், கேட்காததையும் சொல்லுவான். சிம் போடுகிற பெட்டிகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, அன்ரி, உங்கடை முருகைக்கல் வீடெல்லோ, சுவர் முழங்கைத் தடிப்பு, சரியான மொத்தம், இந்தச் சின்னன் உங்கடை அறைக்குத்தான் காணும், நாலு கொம்பு உள்ள இதைக் கொண்டுபோய் நடுச்சுவரிலை உயர வையுங்கோ, உங்கடை தங்கச்சி சின்னக்காவின்ரை பக்கமும் துலக்கமாப் பிடிக்கும் என்றான். எது சுவருக்கு அங்காலை போகாது என்று கேட்டேன். அவன் விளங்காமல் சிரித்துவிட்டுச் சின்னனைக் காட்டினான். அதையே கட்டித் தா என்றேன். நடுச்சுவரில் இல்லை, என் அறையின் தூர மூலையில் அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன். ஓம், வேணுமென்றுதான் வைத்தேன். நீ போனில் இருந்துகொண்டு அதை அமத்துங்கோ இதை அமத்துங்கோ என்று பாஸ்வேர்ட்டைப் போட்டு, அடுத்த நிமிடமே அதை அவளுக்கும் சொல்லிவிட்டாயே, எனக்கு வேறு என்ன வழி வைத்தாய்?

என் அப்பு இந்த வீட்டை இரண்டு பெட்டைகளுக்கும் சீதனமாகப் பாதி பாதி எழுதினார். நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் சிவரூபிக்கு. கிணறு என் பக்கம், ஆனால் கிணற்றில் பங்கும் போய் வரப் பாதையும் அவளுக்கு என்று காணி உறுதிப் பத்திரத்தில் இருக்கிறது. சரி, தண்ணீர் அள்ளட்டும், நான் ஒருநாளும் மறிக்கவில்லை. உறுதியில் வைஃபைப் பங்கு இல்லை. நான் புகையிலைத் தோட்டத்தில் வெயிலில் வெந்துகொண்டிருந்த காலம் அவள் நிழலில் இருந்து உனக்குச் சோறு தீத்தினாள், அவ்வளவுதான் அவள் செய்தது. அந்தச் சோறும் என் குசினிச் சோறு. தான் பெற முடியாதவள் பெற்றவளின் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டித் திரிந்தாள், நீயும் காய்ச்சல் வந்தால் அவளின் பாயில்தான் போய்ப் படுப்பாய். இப்போது என் பேத்தியும் அவளுக்கு வேண்டுமாம். பிள்ளையில்லாதவளின் கண் முதல் முதல் படுவது பச்சைப் பிள்ளைக்கு ஆகாது என்று நான் உனக்குச் சொன்னபோது, உங்கடை வாயை வாசற்படியிலை தேய்க்கவேணும் அம்மா என்று சொன்னாய். பெத்தவளைப் பார்த்துச் சொல்கிற சொல்லா அது? முப்பத்தோராம் நாள் கழியுமட்டும் படம் எடுத்து ஒருவருக்கும் அனுப்பாதே, நாவூறு படும் என்று சொன்னேன், அதை மட்டும் நன்றாகக் கேட்டாய். எனக்கும் ஒரு படம் அனுப்பவில்லை.

முப்பத்தோராம் நாள் நடந்ததை நீ பார்த்தாய், நான் பார்த்ததையும் கேள். மூன்று பேரும் ஒன்றாக வீடியோவிலை வாருங்கோ, பேரையும் சொல்லி முகத்தையும் காட்டுறன் என்றாய். நான் நல்ல சேலை கட்டி, போனை மேசையில் செம்போடு சாத்தி வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன், அப்பா வாசலில் நின்றார். அவளுக்குத் தன் வீட்டுக்குள் வைஃபை ஒன்றும் பிடிக்கவில்லை. பிடியாது என்று எனக்குத் தெரியும்தானே. பார்த்தால், சிறுக்கி, கிணற்றடியில் என் யன்னலுக்கு நேரே போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்! உச்சி வெயில், தலையில் ஒரு துவாய். யன்னலால் வருகிறதைக் குடிக்கிறாள். கிணற்றடியில் நிற்க அவளுக்கு உறுதியில் இடமிருக்கிறது, எழும்பு என்று சொல்ல என்னால் ஏலாது. மருமகளின் மடியில் பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறது, ஒரு மஞ்சள் தொப்பிதான் தெரிகிறது. நீ, பொறுங்கோ, சின்னம்மாவின்ரை படம் விட்டு விட்டு வருது, அவவும் துலக்கமா வரட்டும் என்கிறாய். இங்கே பெற்றவள் துலக்கமாக இருக்கிறேன், அவளுக்காக நான் காத்திருக்கவேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினேன். சண்டைக் காலத்தில் அப்பா தகரம் அடித்த கதவு, சாத்தினால் காற்றே போகாது. அவளின் படம் அப்படியே நின்றது.

போன் செம்பில் சாத்தி இருந்ததையும், நான் யன்னலுக்குப் போனது உனக்கு அப்பட்டமாகத் தெரியும் என்பதையும் மறந்துபோனேன், அது ஒன்றுதான் என் பிழை. ஏன் அம்மா யன்னலைப் பூட்டினனீங்கள் என்று கேட்டாய். வெயில் அடிக்குது என்றேன். சின்னம்மா நிண்ட வெயில் உங்களுக்கு அடிச்சதோ என்று கேட்டுவிட்டுப் போனை நிறுத்தினாய். பெயரையும் சொல்லவில்லை, முகத்தையும் காட்டவில்லை. வெளியில் அவள் யன்னலைத் தட்டவில்லை, அக்கா என்று ஒரு சத்தமும் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நாலு பேச்சுப் பேசியிருப்பேன். வாளியில் தண்ணீர் அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டாளாம், அப்பா சொன்னார். அவர் எனக்கு, உனக்கு விசரடி என்று சொல்லிவிட்டு அன்றிரவு அவளின் பக்கத்தில் போய்ப் புட்டுத் தின்றுவிட்டு வந்தார். நான் சமைத்த சோறு நாய்க்குப் போனது.

அதன் பிறகு நீ அனுப்பிய ஒரே ஒரு குரல்பதிவு, சின்னம்மா உங்களுக்குப் பக்கத்திலை வந்து இருந்தால்தான் பிள்ளையைக் காட்டுவன் என்பது. நீ வைத்த நிபந்தனைக்கு நான் தலையைக் குனிந்து எல்லாம் செய்தாயிற்று. யன்னல் இரவு பகலாகத் திறந்து கிடக்கிறது, நுளம்பு பிடுங்கித் தின்கிறது. அன்ரனிதாஸைக் கூப்பிட்டு அந்த நாலு கொம்பையே எடுத்து நடுச்சுவரில் ஏற்றினேன். அண்டைக்கே சொன்னனான் அன்ரி என்று பல்லைக் காட்டினான், கறுமம். அப்பாவை விட்டு அவளைக் கூப்பிட்டேன். அவள் வரவில்லை. என்ன சொல்லியிருக்கிறாள் தெரியுமா? எனக்குத் தம்பி தேனுஜன் போனிலை பேரைச் சொல்லிப்போட்டான் அத்தான், அது காணும், அக்காவின்ரை பக்கம் நான் தண்ணிக்கு மட்டும் வாறன் என்று. அப்பாவுக்கும் பெயர் தெரியும். கேட்டால், பிள்ளையைப் பெத்தவன் சொல்லட்டும் என்று பேப்பரைத் தூக்கிக்கொள்கிறார். மூன்று பேரும் சேர்ந்து என்னை வதைக்கிறீர்கள்.

நான் செய்தது பிழை என்று எழுதுவேன் என்று இந்தத் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்க்காதே, எழுத மாட்டேன். பிள்ளைக்குக் கழுத்து நிற்கமுதல் தூக்கி நிமிர்த்தாதே. வினோஜா தன் உடம்பைப் பார்க்கிறேன் என்று தாய்ப்பாலை நிறுத்திப்போட்டுப் பால்மாவைக் கரைக்கப்போகிறாள், சொல்லிவை. அந்தக் குளிரில் தொப்பியைக் கழற்றவேண்டாம், அது நல்ல தொப்பி, நான் பார்த்தது அதைத்தானே. நீ சிவரூபிக்குச் சொல்லு, அவள் உன் சொல் கேட்பாள். அக்காவுக்காக இல்லை, எனக்காக ஒருக்கால் போய் இருங்கோ என்று சொல்லு. நான் அவளோடு கதைக்க மாட்டேன், பக்கத்துக் கதிரையில் இருந்தால் போதும்.

பின்னேரத்தில் நீ அவளுக்குச் சாதாரண அழைப்பு எடுக்கிறாய் என்று தெரியும். அவள் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிலில் இருந்து பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொஞ்சுகிறாள். சிரிப்புக் கேட்கிறது, கொஞ்சுகிற இழுவை கேட்கிறது. இந்தப் பக்கம் நான் றவுட்டருக்குக் கீழே கதிரை போட்டுச் சுவரோடு காதை வைத்துக்கொண்டு இருக்கிறேன். பெயர் மட்டும் விளங்குதில்லையடா. அப்பு கட்டின சுவர் அவ்வளவு மொத்தம்.

உனக்கும் மருமகளுக்கும் நயினை அம்மாள் ஒரு குறையும் வைக்க மாட்டாள். துன்னூறு கொஞ்சம் மடித்து வைத்திருக்கிறேன், பிள்ளையின் நெற்றியில் பூசி, கீழே நான் இடம் விட்ட இடத்தில் பெயரைப் போட்டுப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டு. போனை எடு.

என் பேத்தி ................................ நூறு வயது இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
தம்பிராசா பரிமளம்.