இறக்கத்தில் அணைத்த எஞ்சின்

என் மாப்பிள்ளை, என் கூட்டாளி அருளுக்கு,

வருகிற மாதத்தோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது என்று உனக்குத் தெரியும். கையெழுத்துப் போடுவதற்கே பக்கத்தில் நிற்பவனிடம் பேனா கேட்கிற ஆள் நான். இதை நான் எழுதக் காரணம் உன் பெண்டாட்டி, என் தங்கச்சி ரோஸ்லின். உனக்கு எழுதுகிற கடிதம்தான், ஆனால் மற்றவர்களும் கேட்க வேண்டிய கடிதம். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சில இடங்களில் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் சேதி. பெரியவள் செலின் பிளஸ் டூ போய்விட்டாள். சின்னவள் மெர்சிக்கு உன் கையெழுத்து அப்படியே வந்திருக்கிறது, அதே கோணல். ரோஸ்லின் ஏலக்காட்டு வேலைக்குத் திரும்பிவிட்டாள். காலையில் என் ஜீப்பில் ஏறாமல் வேறு ஜீப்பில் போகிறாள். வண்டிப்பெரியாரில் நீ வேலை பார்த்த தேயிலை ஃபேக்டரியில் உன் இடத்துக்குப் புது ஃபிட்டர் வந்தாயிற்று. ஆனாலும் இலை காய வைக்கும் டிரையர் நின்றுவிட்டால் இன்றைக்கும் யாராவது ஒருவர் உன் பெயரைச் சொல்லித்தான் சலித்துக்கொள்கிறாராம்.

இனி காரைப் பற்றி. சக்குபள்ளத்தில் உன் வீடு மேட்டில் இருக்கிறது. மெயின் ரோட்டிலிருந்து அங்கே ஏறும் மண்சாலையில் உன் பழைய எண்ணூறு சிசி கார் ஆள் ஏற்றிக்கொண்டு ஏறாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் மேட்டடியில் ரோஸ்லினும் பிள்ளைகளும் இறங்கிக்கொள்வார்கள். நீ மட்டும் முதல் கியரில் முக்கி முனகி ஏறுவாய். மழை நாளில் அவர்கள் நல்ல துணியோடு சேற்றில் நடந்து வருவதைப் பார்த்து நீ சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "நாலு பேருக்குன்னு காரு வாங்கினேன் மச்சான். மூணு பேரு நடந்துல்லா வாராக."

அதற்காகத்தான் டர்போ. ஊரில் இதைத் தெரிந்தவர்கள் குறைவு. எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றும், அதோடு சேர்ந்து சுற்றும் இன்னொரு சக்கரம் காற்றை அள்ளி எஞ்சினுக்குள் திணிக்கும், சின்ன எஞ்சினுக்குப் பெரிய எஞ்சினின் இழுவை வரும் என்று நீதான் எனக்கு விளக்கினாய். எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது. புரிந்த மாதிரித் தலையாட்டினேன். டிரைவர்கள் அப்படித்தான்.

கம்பத்துப் பழைய இரும்புக் கடையில் ஒரு டீசல் காரின் டர்போவை எடுத்தாய். அதை உன் எஞ்சினில் உட்கார வைக்க, புகைக்குழாயை நீயே வெட்டி நீயே வெல்டிங் வைத்தாய். பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்க வேண்டும், ஆயில் போகவும் வரவும் தனிக்குழாய் வேண்டும், உள்ளே போகும் காற்றைக் குளிர வைக்க முன்னால் ஒரு ரேடியேட்டர் மாதிரி வேண்டும். எட்டு மாதம் சனி ஞாயிறு எல்லாம் உன் வீட்டுப் பக்கவாட்டுச் சாய்ப்புக் கொட்டகையில் கழிந்தது. ஆர்சி புத்தகத்தில் இல்லாததை எஞ்சினில் சேர்க்கக் கூடாது என்று நம் இருவருக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்தோம். அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

முதல் தடவை ஸ்டார்ட் செய்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஆயில் திரும்பி வரும் குழாயை நீ சரிவு பார்க்காமல் வைத்திருந்தாய். தேங்கிய ஆயில் புகைக்குழாய்க்குள் கசிந்து எரிந்தது. நீலப்புகை சாய்ப்பை நிறைத்து, முற்றத்தில் காய்ந்த துணிகளுக்குப் போனது. அதில் உன் பிள்ளைகளின் வெள்ளைப் பாவாடைகள், மறுநாள் கோயிலுக்குப் போட வைத்திருந்தவை. ரோஸ்லின் துணிகளை எடுத்து வந்து நம் இரண்டு பேர் தோளிலும் ஆளுக்கு ஒன்றாகப் போட்டுவிட்டுப் போனாள். கல்லில் துவைத்தது நாம்தான்.

மூன்று வாரம் கழித்து அந்த மேட்டில் கார் ஏறியது. நீ ஓட்டினாய், நான் முன்னால், ரோஸ்லினும் பிள்ளைகளும் பின்னால். வழக்கமாக இறங்கும் இடத்தில் மெர்சி பழக்கத்தில் கதவைத் திறக்கப் போனாள். "இரு பாப்பா" என்று நீ சொன்னாய். டர்போ மெல்ல விசிலடித்தது, கார் நிற்காமல் முற்றம் வரை போய்விட்டது. ரோஸ்லின் இறங்கி மேட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, எங்கள் அம்மாவையும் கூட்டி வந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னாள். நீ அன்றைக்குப் பட்ட சந்தோஷத்தை வேறு எந்த நாளிலும் நான் பார்த்ததில்லை, உன் கல்யாண நாளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனி எழுதுவது எனக்குக் கஷ்டமான பகுதி.

நீண்ட மேடு ஏறினால் டர்போ சூடாகிச் சிவந்துவிடுகிறது என்று உனக்குக் கவலை. எங்கோ படித்துவிட்டு, வண்டியை நிறுத்துவதற்கு முன் ஓரிரு நிமிஷம் எஞ்சினைச் சும்மா ஓடவிட வேண்டும், ஆயில் ஓடினால்தான் அது ஆறும் என்றாய். நான் சிரித்தேன். இருபத்திரண்டு வருஷமாக இந்த மலையில் ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறவன் நான். மேடு முடிந்ததும் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு, இறக்கம் முழுக்க வண்டியைச் சும்மா உருளவிடுவது எங்கள் ஜீப் ஸ்டாண்டில் எல்லோருக்கும் கைப்பழக்கம். டீசலும் மிச்சம், எஞ்சினும் ஆறும் என்று நினைப்பு.

"புஸ்தகத்தைப் படிச்சு மலையில வண்டி ஓட்ட முடியாது மாப்ள. ஏறினதும் ஆஃப் பண்ணிட்டு உருள விடு. காத்துல தானா ஆறும்." இதுதான் நான் சொன்னது. சொன்னதோடு விடவில்லை. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, சின்ன இறக்கத்தில் உன்னைச் செய்யவும் வைத்தேன். இரண்டு மிதியில் கார் நின்றது. பார்த்தாயா என்று உன் முதுகில் தட்டினேன்.

என் ஜீப் பழைய ஜீப். அதன் பிரேக் காலின் பலத்தில் மட்டும் பிடிக்கும், எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். உன் கார் அப்படியில்லை. எஞ்சின் ஓடினால்தான் அந்தப் பிரேக்குக்கு முழு பலம். அணைத்துவிட்டால் இரண்டு மூன்று மிதிக்கு மிச்சம் இருக்கும், அதற்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். இது எனக்கு அப்போது தெரியாது. எஞ்சினைப் பற்றி உனக்கு எல்லாம் தெரியும், ஆனால் மலை இறங்குவதில் நீ என்னை நம்பினாய். நான் டிரைவர் அல்லவா?

அன்று நீ பகல் ஷிஃப்ட் முடிந்து காரில் வந்தாய். சாயங்கால வெளிச்சம் இருந்தது. மழை விட்டு ரோடு ஈரமாக இருந்தது. நான் ஏலக்காட்டிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு எதிரே வந்தேன். ரோட்டோரச் சிலுவை நிற்கும் குருசடி வளைவுக்குக் கீழே உன் கார் சில்வர் ஓக் மரத்தில் சாய்ந்து கிடந்தது. முதலில் இறங்கி ஓடியவன் நான். கியர் நியூட்ரலில் இருந்தது, சாவி அணைத்தபடி இருந்தது. அந்த இரண்டையும் பார்த்ததுமே, நான் சொன்னபடிதான் நீ இறங்கியிருக்கிறாய் என்று எனக்கு விளங்கிவிட்டது.

உன்னை என் ஜீப்பில் ஏற்றினோம். வேறொருவர் ஓட்டினார். பின்னால் உன் தலை என் மடியில். "மச்சான், பெடலு இறங்கவே இல்ல" என்றாய். அவ்வளவுதான். குமுளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஜீப் சத்தத்தில் நீ சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் யாரோ எப்படி ஆயிற்று என்று கேட்டார்கள். நான் சொன்னேன், டர்போ வைத்த வண்டி, வேகமாக வந்திருப்பான் என்று. அருள், அதை முதலில் சொன்னவன் நான். வேறு யாரும் இல்லை. வாய்க்கு முதலில் வந்தது அதுதான், அது என்னைக் காப்பாற்றியது. அரை மணி நேரத்தில் ஊர் முழுக்க அதையே பேசியது. டர்போ வைத்தவன் மெதுவாகவா போவான் என்று கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் அவர் என்ன சொன்னார் என்று ரோஸ்லின் எத்தனை தடவை கேட்டாள் தெரியுமா? அடக்கத்தன்று கேட்டாள், நாற்பத்தொன்றாம் நாள் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அதற்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். உன் பெயரைச் சொல்வதையும் விட்டுவிட்டாள். வேகத்துக்கு ஆசைப்பட்டு எங்களைத் தெருவில் விட்டுப் போனவர் என்று பிள்ளைகள் முன்னாலேயே சொல்ல ஆரம்பித்தாள்.

கல்லறைத் திருநாளுக்கு ஊரே கல்லறைத் தோட்டத்தில் நின்றது. எல்லாக் கல்லறைகளுக்கும் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். உன்னுடையதற்கு நான் ஒருத்தன்தான் சுண்ணாம்பு அடித்தேன். அவள் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வேகந்தான் பெருசுன்னு போனவுகளுக்கு மெழுகுவத்தி எதுக்குண்ணே?" என்றாள்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நியூட்ரல், சாவி, நான் கொடுத்த யோசனை, நீ மடியில் கிடந்து சொன்னது, ஆஸ்பத்திரி வாசலில் நான் சொன்னது. சொல்லி முடிக்கும்வரை அவள் கை அரிசித் தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

"அப்ப அவுக மெதுவாத்தான் வந்தாகளா?" என்று கேட்டாள்.

மெதுவாகத்தான் வந்தான், இறக்கம்தான் தள்ளியது என்றேன். பிறகு, நான் சொன்னதைத்தான் நீ செய்தாயா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் என்னை வெளியே போகச் சொல்லவில்லை. ஆனால் நானாகவே போய்விட்டேன்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கல்லறைக்கு வந்தாளாம். உச்சி வெயிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்களாம். கோயில் வேலைக்காரர் சொன்னார். அவள் உன்னிடம் என்ன பேசினாள் என்று உனக்குத்தான் தெரியும். எனக்குச் சொல்ல வேண்டாம்.

என்னோடு மூன்று மாதம் பேச்சில்லை. அதற்கிடையில் ஸ்டாண்டில் இருக்கும் டிரைவர்களிடம், இறக்கத்தில் எஞ்சினை அணைக்காதீர்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். புது ஜீப்புகளின் பிரேக்கும் உன் காரின் பிரேக் மாதிரிதான் என்று குமுளியில் ஒரு மெக்கானிக் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. அவர்கள் சிரிக்கிறார்கள். அண்ணனுக்கு வயசாகிவிட்டது, பயம் வந்துவிட்டது என்கிறார்கள். ஏன் சொல்கிறேன் என்பதைச் சொல்லாமல் சொன்னால் எவன் கேட்பான்?

போன வாரம் ரோஸ்லின் ஸ்டாண்டுக்கே வந்தாள். வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள், ஏறவில்லை. எல்லோர் முன்னாலும் என்ன சொல்லப் போகிறாளோ என்று அவசரமாக இறங்கி அவளிடம் போனேன். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

"எங்கிட்டச் சொன்னது பத்தாதுண்ணே. ஊருக்குச் சொன்ன பொய்ய ஊருக்கு முன்னாடிதான் எடுக்கணும். அவுக ஆண்டுப் பூசை முடிஞ்சு எல்லாரும் கஞ்சிக்கு உக்காருவாகள்ல, அப்ப எந்திரிச்சுச் சொல்லு. எம் பிள்ளைக கேக்கணும்."

எனக்குக் கூட்டத்தில் பேச வராது அருள். எழுந்து நின்றால் பாதியை விழுங்கிவிடுவேன், எனக்குச் சாதகமான பாதி மட்டும் வெளியே வரும். அதனால்தான் எழுதி வைக்கிறேன். எழுதியதை வாசிக்கும்போது எதையும் விட முடியாது. இதுவரை எழுதியதை நேற்று ரோஸ்லினிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். நின்றபடியே படித்தாள். எதையும் மாற்றச் சொல்லவில்லை. மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

வாசித்த பிறகு அவள் என் ஜீப்பில் ஏறுவாளா, தெரியாது. செலின் என்னை மாமா என்று கூப்பிடுவாளா, அதுவும் தெரியாது. அதையெல்லாம் உன்னிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை. நீ என்னை மன்னிப்பாயா என்றும் நான் கேட்கப் போவதில்லை. உயிரோடு இருந்தால் அரை மணி நேரம் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு டீ வாங்கித் தரச் சொல்லியிருப்பாய். அந்தத் திட்டு எனக்குக் கிடைக்காமல் போய்விட்டது.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். ஆண்டுப் பூசையன்று உன் பிள்ளைகள் முன்வரிசையில் இருக்க, ஸ்டாண்டு ஆட்கள் எல்லோரும் இருக்க, இந்தக் காகிதத்தை முதல் வரியிலிருந்து ஒரு எழுத்து விடாமல் வாசிப்பேன். குரல் உடைந்தால் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து வாசிப்பேன். கடைசி வரி இதுதான்: அருளப்பன் வேகத்தால் சாகவில்லை. என்னை நம்பினான், அதனால் செத்தான்.

இப்படிக்கு,
உன் ரோஸ்லினின் அண்ணன்,
உன் மச்சான் அந்தோணி