மோத்தியின் வாயில் எலும்பு இல்லை

இன்று காலை புதுக் கையுறைப் பெட்டி ஒன்றைப் பிரித்தேன். குப்பென்று பவுடர் வாசனை. உனக்குப் பிடிக்காத வாசனை. "கையுறை போட்டா விரலுக்குக் கண்ணு அவிஞ்சுடும்டா" என்பாய். அப்போது நம்மிடம் இருந்ததே நாலு ஜோடி. கழுவி, கொடியில் காயப்போட்டு, பவுடர் தடவி, ஆபரேஷனுக்கு மட்டும் எடுப்போம். வாயைப் பார்க்க, காதைப் பார்க்க வெறும் கைதான்.

வெளியே பெஞ்சில் ஒருவர் நாயோடு உட்கார்ந்திருந்தார். நாயின் திறந்த வாய் மூடாமல் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. "எலும்பு சிக்கிருச்சு டாக்டர்" என்றார். மூன்று வருஷமாக யார் இதைச் சொன்னாலும் என் கையைப் பார்த்துக்கொள்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை என்று தெரியும்.

செம்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒற்றை ஷட்டர் கடையில் நாம் இருவரும் போர்டு மாட்டியபோது, நாய்க்கு டாக்டரா என்று சிரித்தார்கள். தாராவியில் என் அப்பா, மகன் நாய் டாக்டர் என்று இன்றும் யாரிடமும் சொல்வதில்லை. மாட்டுங்காவில் உன் அம்மா, குளித்துவிட்டு வந்தால்தான் சமையலறைப் பக்கமே விடுவாள். நீ அதற்கெல்லாம் அசரமாட்டாய். நகத்தைக் கடித்துக்கொண்டே, நாய் எதைத் தின்றது, எங்கே படுத்தது, வீட்டில் யார் யார் என்று நாயை வளர்ப்பவரைக் கேட்டுக்கொண்டே இருப்பாய். எனக்கு எரியும். "எல, நாய்க்குப் பொண்ணா பாக்க? ஜாதகம் வரைக்கும் கேக்கியே" என்பேன். "கேக்காம கை வெச்சா அது மெக்கானிக்டா" என்பாய்.

அன்று பக்ரீத் முடிந்து மூன்றாம் நாள். அந்த இரண்டு நாளில் மட்டும் இரண்டு நாய்களின் மேலண்ணத்தில் குறுக்கே மாட்டிய ஆட்டெலும்பை எடுத்திருந்தோம். ஒன்றை நீ அரை நிமிஷத்தில் எடுத்தாய். மூன்றாவதாகத்தான் சாகுல் பாய் மோத்தியைச் சாக்கில் சுற்றி டாக்சியில் கொண்டுவந்தார். தாராவியில் அவருடைய தோல் பட்டறைக்குக் காவல் நாய் அது.

"ஆட்டெலும்புதான் டாக்டரே. ரெண்டு நாளா வாயை மூட மாட்டேங்கு. தண்ணியும் இறங்கல."

கீழ்த்தாடை தொங்கிக் கிடந்தது. நீ மேஜையருகில் வந்து, அதன் வாய்க்குள் கையை விடாமல் நின்றாய். "பாய், கொஞ்ச நாள் முன்னாடி இதை வேற ஏதாவது நாய்..." என்று ஆரம்பித்தாய்.

வெளியே மழை. பதினைந்து பேர் ஷட்டருக்குக் கீழே நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நான் தாடையை மேலும் கீழுமாகப் பிடித்து விரித்தேன். "எல, கேள்வி போதும். ஜல்தி கையை விடு" என்றேன்.

விட்டாய். நாக்கின் அடி வரைக்கும் தடவினாய். "ஒண்ணும் இல்லடா" என்றாய். உன் முகம் மாறியது. அப்போதுதான் அந்தக் கேள்வியை முழுதாகக் கேட்டாய்.

"கடிச்சுதே. நோன்புப் பெருநாள் கழிஞ்சு ஒரு தெருநாய். அது ஆறிப் போச்சு டாக்டரே" என்றார் பாய்.

எலும்பு சிக்காமல் தாடை தொங்கினால் முதலில் வெறிநோயைத்தான் நினைக்க வேண்டும் என்று நமக்குத் தெரியாதா? சோப்புப் போட்டுப் பத்து நிமிஷம் கழுவ வேண்டும் என்று பரீட்சையில் எழுதியவர்கள் நாம். அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. வாளியில் கையை முக்கித் துண்டில் துடைத்தோம். நான் "தொண்டை வீக்கம்" என்று எழுதி ஓர் ஊசி போட்டு பாயை அனுப்பினேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாயைத் தூக்கி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மோத்தி செத்ததாகத் தகவல் வந்தது. முனிசிபல் வண்டி எடுத்துப் போய்விட்டது. தலையைச் சோதனைக்கு அனுப்ப வழியில்லை.

வயிற்றில் பதினாலு ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாய். ஆட்டு மூளையிலிருந்து எடுக்கிற மருந்து. சிலருக்குக் கால் விளங்காமல் போனதும் உண்டு. "ஆட்டு மூளைய வயத்துல ஏத்திண்டேன்னா அம்மா என்னை ஆத்துக்குள்ளயே சேர்க்க மாட்டா" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புக்குள் பயம் இருந்தது. நான் சொன்னேன்: "பல்லு படலல்ல? வெறும் எச்சில்தான? பேசாம இரு."

உன் கடித்த நகங்களை நான் தினம் பார்க்கிறவன். ஆள்காட்டி விரலின் ஓரம் எப்போதும் பிய்ந்து சிவந்திருக்கும். அதைக் கணக்கில் எடுக்கவில்லை. தாடையை வெளியே பிடித்த என் கையில் கீறல் இல்லை. நான் பிழைத்ததற்குக் காரணம் அவ்வளவுதான். அறிவு இல்லை.

ஆறு வாரம். விரல் குறுகுறுக்கிறது என்றாய். மறுநாள் ஜுரம். அதற்கடுத்த நாள் கிளினிக்கில் ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்தாய். உதட்டருகில் கொண்டுபோனதும் தொண்டை இழுத்தது. தம்ளரை மேஜையில் வைத்தாய். மறுபடி எடுத்தாய். மறுபடி இழுத்தது. நம்மிடம் வருகிற எந்த நாயையும், அன்று உன்னையே பார்த்த அளவு கவனமாக நீ பார்த்ததில்லை.

"ஆச்சுடா" என்றாய். பிறகு, "பாய் பட்டறைல யார் யார் அதுக்கு ஊட்டினா, யார் வாயைத் துடைச்சா, எல்லாரையும் ஊசிக்குக் கூட்டிண்டு போ. இப்பவே."

"ஒன்ன விட்டுட்டா?"

"நான் இனிமே எங்கடா போகப் போறேன். நீ போ."

போனேன். பாயின் மனைவி விரலால் பால் தொட்டு ஊட்டியிருந்தார். அவரும் பாயும் இரண்டு வேலையாட்களும் வரிசையில் நின்று பதினாலு ஊசியும் போட்டுக்கொண்டார்கள். நாலு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டியதை, சாகப்போகிற நீ சொல்லி அனுப்பினாய்.

தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் உன் அறையில் மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். காற்றுப் பட்டாலும் உனக்கு இழுத்தது. மூன்றாம் நாள் உன் அம்மா காசிச் சொம்போடு வந்தாள். கதவிலேயே மறித்தேன்.

"ஒரு சொட்டுடா. பஞ்சுல நனைச்சு உதட்டுல தடவறேனே. கடைசி ஜலம் இல்லாமயா அவன் போகணும்?"

"வேண்டாம் மாமி. தண்ணியப் பாத்தாலே அவனுக்கு இழுக்கும்."

சொம்பை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். கோபமில்லாமல், நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்: "நீங்க ரெண்டு பேரும் இதைத்தானேடா படிச்சேள்?"

அவளிடம் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. நாயின் வாய்க்குள் கையை விடச் சொன்னது நான் என்று அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். நீயும் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாய்.

புதுசாகத் தோளில் போடுகிற ஊசி வந்திருக்கிறது. கடிபடும் முன்பே போட்டுக்கொண்டேன். கூடப் படித்தவர்களிடம் சொன்னால், "பார்க்கலாம்பா" என்கிறார்கள். அவர்களும் வெறும் கைக்காரர்கள்தான்.

இன்று வந்தவரிடம் எல்லாம் கேட்டேன். வேறு நாய் கடித்ததா, எப்போது, தடுப்பூசி போட்ட சீட்டு எங்கே, வீட்டில் யார் யார். இன்னும் எவ்வளவு நேரம் என்று வெளியிலிருந்து ஒருத்தன் கத்தினான்: "டாக்டர் சாப், கித்னா டைம்?" கடைசிக் கேள்வியையும் கேட்டு முடித்தேன். பிறகு கையுறை போட்டுக்கொண்டு வாய்க்குள் தேடினேன். நீ சொன்னது சரிதான், விரலுக்குக் கண் தெரியவில்லை. வெகுநேரம் ஆயிற்று.

எலும்புதான். உண்மையிலேயே எலும்பு. டிரேயில் விழுந்து டக்கென்று சத்தம் கேட்டதும், "பாத்தியால?" என்று சொல்லிக்கொண்டே நீ நிற்கிற பக்கம் திரும்பிவிட்டேன்.

பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, ஒரு சொட்டு எச்சில்கூடப் படாத கையைச் சோப்புப் போட்டுப் பத்து நிமிஷம் கழுவினேன்.