உங்கள் தம்பியின் ஈரல் பற்றி

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். ஃபோனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். இதில் உங்கள் உடம்புக்கான சேதியும் இருக்கிறது.

உங்கள் தம்பிக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. ஈரல் சுருங்கி இறுகிப்போய், அதன் ஓரத்தில் ஒரு கட்டி. வயிற்றைக் கிழித்துச் செய்தால் இந்த ஈரல் தாங்காது, துளை போட்டு கேமரா விட்டுச் செய்தால் ரத்தச் சேதமும் பிறகு நீர் கோப்பதும் குறையும் என்றார் டாக்டரம்மா. அப்படியே எடுத்தும்விட்டார்கள்.

அதோடு இந்த மனுஷன் சும்மா இருந்தால்தானே! ஈரல் என்றாலே எல்லாரும் குடியா என்று கேட்கிறார்கள் என்று, அச்சகத்தில் பித்தப்பைக் கல் என்று சொல்லி வைத்திருக்கிறார். தழும்புகளும் குட்டிக் குட்டியாக இருக்கின்றன, யார்தான் நம்ப மாட்டார்கள்? பார்க்க வந்த முதலாளி, “நாலு ஓட்டைக்கா இத்தனை லீவு? என் மச்சான் கல்லை எடுத்துட்டு மறு வாரமே வண்டி ஓட்டினான்” என்று சிரித்தார். சொன்ன பொய்யைக் காப்பாற்ற இவரும் வேலைக்குப் போய்க் காகிதக் கட்டுகளைத் தூக்கினார். நான் தலைதலையாய் அடித்துக்கொண்டேன். இப்போது கால் வீங்கி, வயிறு நீர் கோத்து, ஒரு தழும்பிலிருந்து கசிந்துகொண்டே இருக்கிறது. திரும்பவும் ஆஸ்பத்திரிதான். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில்தான் எனக்கு உறக்கம், சாப்பாடு, இந்தக் கடிதம் எல்லாம். அலுத்துவிட்டது அண்ணி.

ஈரல் என்று கேள்விப்பட்டதும் நீங்கள் கதவைச் சாத்தியது எனக்குப் புரியாமல் இல்லை. குடித்தே போய்ச் சேர்ந்த அப்பாவைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். ஆனால் நான் சத்தியம் பண்ணியும், பெண்டாட்டி மூடி மறைக்கிறாள் என்றீர்களே, அது இன்னும் உறுத்துகிறது.

இது குடியால் வந்ததில்லை என்று டாக்டரம்மா இப்போது தெளிவாகச் சொல்லிவிட்டார். ரத்தத்தில் கிருமி இருக்கிறதாம். பிறக்கும்போதே உங்கள் அம்மாவிடமிருந்து வந்திருக்கலாமாம். வலியே காட்டாமல் ஈரலைத் தின்னுமாம். கூடப்பிறந்தவர்கள் உடனே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், ஆரம்பத்திலேயே தெரிந்தால் மாத்திரையிலேயே அடக்கலாம் என்றார்.

அதைக் கேட்டதிலிருந்து உங்கள் தம்பிக்குத் தன் நோய் மறந்துபோயிற்று. வயிற்று நீரை எடுக்க ஊசி குத்தும்போதுகூட, “அக்காவுக்கும் இருக்குமோ?” என்றுதான் கேட்டார். “நான் கூப்பிட்டா எடுக்க மாட்டா, நீ எழுது. நான் சொன்னேன்னு மட்டும் எழுதாதே, வீம்புக்கு டெஸ்ட் எடுக்காம இருந்துடுவா” என்றார். நான் எழுதிவிட்டேன், என்னைத் திட்டட்டும்.

நாளைக்கே போய் ரத்தம் கொடுங்கள் அண்ணி. உங்களுக்கு ஒன்றும் இருக்கக் கூடாது, பிள்ளைகளோடு நன்றாக இருக்க வேண்டும். முடிவை என்னிடம் சொல்ல வேண்டாம், அவரிடமே உங்கள் வாயால் சொல்லுங்கள். போன தடவை, வீட்டுக்குப் போகும் நாளை டாக்டரம்மா சொன்னார். இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி